படம் என்று வாசித்த சொல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்று எங்கே வரும் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காஜா பெராங்கில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். பத்து பெரெண்டாமில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை. மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவளுடைய கைப்பேசி கெட்டுப்போய், அதிலிருந்த மெமரி கார்டு மட்டும் மிஞ்சியது. அதில் அவள் படங்கள் பதினொன்று. வேறெங்கும் பிரதி இல்லை. வேலை முடிந்து வந்து குளித்ததும் கார்டை மடிக்கணினியில் செருகி, பதினொன்றையும் ஒருமுறை பார்ப்பேன். பிறகுதான் சாப்பாடு.

மடிக்கணினி பழையது. தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும், என் வயதுக்காரர் ஒருவர் அதில் லினக்ஸ் போட்டு, எல்லாம் தமிழில் தெரியும்படி செய்து கொடுத்திருந்தார்.

மெர்டேகா என்னும் சுதந்திர தின விடுமுறையன்று புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையில் அறிவிப்பு வந்தது. பேச ஆளில்லாத நாள். சரி என்று அழுத்தினேன். இரண்டு மணி நேரம் ஒரு கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் அணிவகுப்புச் சத்தம். மறுபடி திறந்தபோது எல்லாம் இடம் மாறியிருந்தன. தமிழும் பாதியைக் காணோம்; அந்த இடங்களில் ஆங்கில எழுத்து.

கார்டைச் செருகினேன். படங்கள் சிறு கட்டங்களாக வந்தன, திறக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து வலப்பக்கப் பொத்தானை அழுத்தினேன். வந்த பட்டியலில் ஆங்கில எழுத்தில் ஒரு சொல்: பி, ஏ, டி, ஏ, எம். தொழிற்சாலையில் எல்லோரும் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். படம் என்று வாசித்து அழுத்தினேன். கணினி ஏதோ கேட்டது. அதிலும் அதே சொல். மறுபடி அழுத்தினேன். கட்டங்கள் மறைந்தன. படம் பெரிதாக வரும் என்று காத்திருந்தேன்.

அது மலாய் 'பாடாம்'. அழி என்றும் அர்த்தம், அணை என்றும் அர்த்தம். ஸ்டோரில் விளக்கை அணைக்கச் சொல்லி நானே தினமும் சொல்லும் சொல்.

கார்டைக் காலி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். யாரிடமாவது கேட்டால் என்ன படம் என்பார்கள். தினமும் பார்ப்பதைச் சொல்ல வேண்டிவரும். இரண்டு வாரம், குளித்துவிட்டு நேராகச் சாப்பிட்டேன்.

நேற்று கேண்டீனில், லினக்ஸ் போட்டுக் கொடுத்தவரிடம் சொல்லிவிட்டேன். "கார்டுல இருந்ததெல்லாம் போயிருச்சு. பாடாம்னு இருந்துச்சு, படம்னு நெனச்சேன்."

அவருக்குத் தேநீர் புரையேறியது. "யோவ், லம்பு பாடாம்னு சொன்னா லைட்ட படம் எடுப்பியா?" என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்ன படம்லா?"

"வீட்டுக்காரம்மா."

கோப்பையை வைத்துவிட்டார். "அப்புறம் அதுல ஏதாச்சும் போட்டியா?"

"தொடவே இல்ல."

"நல்லதாப் போச்சு. போட்டிருந்தா பழசு மேல ஏறியிருக்கும்."

மாலையில் என் அறைக்கு வந்து, அழிந்ததை மீட்கும் ஏதோ ஒன்றைக் கணினியில் ஓடவிட்டார். பதினொன்றில் ஒன்பது திரும்பின. ஒன்றில் பாதி சாம்பல் நிறம். கூடவே நான் பார்த்தேயிராத ஒரு படம். நாற்காலியில் நான் வாய் பிளந்து தூங்குகிறேன்.

"இது முன்னாடியே அழிச்சதுய்யா. சேந்து வந்திருச்சு."

அவள் எடுத்து, அவளே அழித்திருக்கிறாள். ஏன் என்று கேட்க ஆளில்லை.

மொழியைத் தமிழுக்கு மாற்றி, எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் போனார். குளித்துவிட்டு வந்து பத்தையும் பார்த்தேன். அவள் இல்லாத படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

2018 செப்டம்பர் 16, ஞாயிறு.