புதுத் தலைவருக்குப் போட்ட மாலை

என் ஆயுளில் நான் ஒரே ஒரு தலைவருக்குத்தான் மாலை போட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அந்த நாளை மறந்துவிடலாம் என்று பல வருஷம் முயன்று பார்த்தேன். முடியவில்லை.

தோட்டத்து ஜனங்களின் வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், அப்பா, அம்மா, அண்ணன், நான், அப்பாவின் அக்காவான அத்தை என்று ஐந்து பேர். மாமா இந்தியாவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவர், போனவர்தான். அத்தை அதைப் பற்றிப் பேச மாட்டாள். மலையில் வேகமாகக் கொழுந்து பறிப்பவள் அவள். அதோடு எழுதப் படிக்கவும் தெரிந்தவள். தோட்டத்தை நடத்தும் துரைக்கு மனு எழுத வேண்டுமென்றால் ஜனங்கள் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

அதற்கு முந்தின வருஷம் புதிதாக வந்த துரை, கொழுந்து நிறை குறைகிறது என்று சொல்லி, முழு நாள் வேலை செய்த பெண்களுக்கு அரை நாள் சம்பளம் போட ஆரம்பித்தார். அரைப்பேர் என்போம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அத்தைதான் முதலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள். பதினெட்டு நாள், மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு. போலீஸ் அத்தையை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் அடைத்து வைத்தது. திரும்பி வந்தபோது அவளுடைய வலது மணிக்கட்டு கோணியிருந்தது. ஆனால் அரைப்பேர் நின்றுவிட்டது.

தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவர் அந்தப் பதினெட்டு நாளும் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பொய் வலி இல்லை. மறு வருஷம் அதிலேயே இறந்து போனார். நல்ல மனுஷர்தான். பெரிய கங்காணிகளைப் பகைத்துக்கொண்டு சங்கத்தைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான் என்று அத்தையே சொல்வாள்.

அடுத்த தலைவர் யார் என்பதில் எங்கள் லயத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் அத்தையை இப்போதே "தலைவரம்மா" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். நாட்டில் எங்களுக்கு ஓட்டு இல்லை. பிரஜாவுரிமையோடு அதையும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சங்கக் கூட்டத்தில் கை தூக்குவது ஒன்றுதான் எங்களுக்கு மிஞ்சியிருந்த தேர்தல்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், அட்டனிலிருந்து சங்கப் பிரதிநிதி எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை மலையில் இருந்த நேரம். அப்பா என்னை வெற்றிலை வாங்கக் கடைக்கு அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது பிரதிநிதி அண்ணனின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். போகும்போது என்னைப் பார்த்து, "கூட்டத்துல பாப்பாதான் மாலை போடணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அதே பெரட்டுக் களத்தில் கூட்டம். பிரதிநிதியின் காரில் செத்துப்போன தலைவரின் மகனும் வந்து இறங்கினார். கண்டியில் விடுதியில் தங்கிப் படித்தவர். வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி. தலைவர் மகன் என்பதால் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். அத்தை பெண்களோடு தரையில், முன்வரிசையில் இருந்தாள்.

பிரதிநிதி வெகுநேரம் பேசினார். தியாகம் என்றார், ரத்தம் என்றார், புலியின் குட்டி என்றார். நான் கவனிக்கவில்லை. டேலியாப் பூ உதிராமல் மாலையைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தேன். நடுவில் அப்பா எழுந்து ஏதோ சொன்னதும், முதலில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கைதட்ட, பிறகு எல்லோரும் தட்டியதும் மட்டும் ஞாபகம். கை தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"புதுத் தலைவருக்கு மாலையைப் போடு பாப்பா" என்றார் பிரதிநிதி.

நான் நேரே அத்தையிடம் நடந்தேன்.

யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பரவியது. பிரதிநிதி ஓடி வந்து என் கையைப் பிடித்தார். நான் விடவில்லை. "அத்தைதானே தலைவரு?" என்றேன். அத்தை என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் கோணிய கையால் என் தோளைத் திருப்பிவிட்டு, "அங்க இருக்காரும்மா, போய்ப் போடு" என்றாள்.

அழுதுகொண்டே போட்டேன். அவர் குனிந்து கழுத்தைக் காட்டி, எனக்கு ஒரு டொபி கொடுத்தார்.

மறுநாள் அத்தை தன் பெட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்குக் குடிபோனாள். அப்பா வாசலில் நின்று, "அக்கா, நான் என்ன செய்யட்டும், புள்ளகுட்டிக்காரன்" என்றார். அவள் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, "இனிமே ஆள் மாத்திப் போட மாட்டேன் அத்தை, வந்துருங்க" என்று கதறினேன். என்னால்தான் அவள் அவமானப்பட்டாள், என்னால்தான் போகிறாள் என்று நம்பினேன். வெகுகாலம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அன்று களத்தில் எழுந்து தலைவர் மகனின் பெயரை முன்மொழிந்தது அப்பாதான் என்பது பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

புதுத் தலைவர் மாதத்துக்கு ஒரு முறை காரில் வந்து போனார். மனுக்களை முன்போலவே அத்தைதான் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து அண்ணனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்தது. அத்தை வேலை செய்யும் மலையில்தான். அவள் பறித்த கொழுந்தை இனி அவன்தான் நிறுக்க வேண்டும். எங்கள் லயத்தில் அதுவரை யாருக்கும் அப்படி ஒரு வேலை கிடைத்ததில்லை. அம்மா பாயசம் வைத்தாள். அத்தைக்குக் கொடுத்தால் கோபம் ஆறி வந்துவிடுவாள் என்று நினைத்து, நானே ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்கு ஓடினேன்.

"எதுக்குடி பாயசம்?" என்றாள்.

"அண்ணனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை! புதுத் தலைவரு தொரகிட்ட சொல்லி வாங்கிக் குடுத்தாராம்."

அத்தை டம்ளரை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு பக்கத்துக் காம்பராக் குழந்தையைக் கூப்பிட்டு, அதன் கையில் கொடுத்துவிட்டு, டம்ளரைக் கழுவி என்னிடம் தந்தாள். என் தலையைத் தடவிக் கொடுத்தாள். கோபம் போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். "அத்தைக்கு இப்பல்லாம் இனிப்பு புடிக்கலப்பா" என்றேன்.

அப்பா குடிப்பதை நிறுத்தினார். அவர் ஏன் அழுகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். அடுப்புப் புகை என்றாள் அம்மா. அடுப்பு அப்போது அணைந்திருந்தது.