வராமல் போன நினைவூட்டல்

“ஆப்பீசுன்னா ஒருநா அடைப்பானுவ மக்களே. அடைச்சா ஒனக்க கையில என்ன இருக்கும்?”

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்த அன்று அம்மை கேட்டது இது. அம்மை முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். எங்கள் ஊர் பாறசாலைப் பக்கம் அதை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவள் போன அண்டி ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மூடிய மறுநாள் அவள் இன்னொன்றைத் தேடிப் போவாள், அல்லது கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பாள்.

“இது அண்டி ஆபீஸ் இல்லம்மா” என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். அப்பாவும் அம்மையும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது ஓட்டுப் போடத்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரி முடித்து, கணினியில் வேலை பார்க்கப் போனவள் நான்தான் முதல். அந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை என்று நினைத்தேன்.

நான்கு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் குழுவில் இருந்த எல்லோரையும் ஒரே வீடியோ அழைப்பில் கூப்பிட்டு வேலையை விட்டு எடுத்தார்கள். பேசியவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் என் மடிக்கணினி தானாகப் பூட்டிக்கொண்டது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தேன். காலையில் சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தது, அதைக் கழுவினேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நிற்பதைப் போல, அழுகை வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. மத்தியானம் தூங்கிப்போனேன்.

நான் நன்றாக வேலை செய்தவள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. என் குழுவில் யாருமே மோசமாக வேலை செய்யவில்லை. அதனால் எதுவும் மாறிவிடவில்லை.

வீட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால், சித்தப்பாவின் வாழைக்குலை ஏற்றும் வண்டியை எடுத்துக்கொண்டு அப்பா நான் தங்கியிருந்த ஸ்ரீகாரியத்துக்கு வந்து, என் கட்டிலைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போவார். திரும்பி இந்த ஊருக்கு வருவது அத்தோடு சரி. அதைவிட, அம்மையின் கேள்வி இருந்தது. அடுத்த வேலை கிடைத்த பிறகு, ஆபீஸ் மாறிவிட்டேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் கூப்பிடும்போது அம்மை, “ஜோலி முடிஞ்சா?” என்பாள். “முடிஞ்சு” என்பேன். பொய் இல்லை.

விண்ணப்பங்கள் அனுப்பினேன். பெரும்பாலானவற்றுக்குப் பதில் வரவில்லை. வந்தவை எல்லாம் ஒரே ஆள் எழுதியது போல இருந்தன. தெரிந்தவர்களிடம் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், இந்தத் தொழிலில் பாதி வேலைகள் அப்படித்தான் கிடைக்கின்றன. ஆனால் தெரிந்தவர்களிடம் கேட்க முதலில் வேலை போனதைச் சொல்ல வேண்டும். அதற்கு என் வாய் திறக்கவில்லை.

எனக்குத் தெரிந்தவர்கள் என்றால் அது இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம்தான். மென்பொருள் எழுதுகிற நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை பழவங்காடியில், ஒரு டுட்டோரியல் காலேஜின் மாடியில் கூடுவோம். இரண்டாம் சனி விடுமுறை என்பதால் வகுப்பறை காலியாக இருக்கும். பலகையில் முந்தின நாள் வேதியியல் பாதி அழிந்து கிடக்கும். ஒருவர் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள், பிறகு நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் சாயாவும்.

பேச்சு தொடங்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. ஜன்னலைத் திறந்தால் கீழே கணபதி கோவிலில் தேங்காய் உடைகிற சத்தம் விடாமல் கேட்கும். அதைக் கேட்டுக் கேட்டு யாரோ ஆரம்பித்து வைத்தது. ஒவ்வொருவரும் எழுந்து, அந்த மாதம் வேலையில் தன் கையால் எதை உடைத்தார் என்று சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி, என்ன பதவி என்று யாரும் சொல்வதில்லை. சோதனைக்கு எழுதிய குறுஞ்செய்தியை வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் அனுப்பியவன், வேண்டாத கோப்பு என்று வேண்டியதை அழித்தவள், இப்படி. கேட்டவர்கள் இரண்டு கேள்விதான் கேட்கலாம். ஏன் உடைந்தது? இனி எதை மாற்றுவாய்? ஆறுதலும் சொல்லக்கூடாது, திட்டவும் கூடாது. இதற்குத் தேங்காய் போடுவது என்று பெயர். அம்மையிடம் இந்தப் பெயரை மட்டும் நான் சொன்னதில்லை. சர்ச்சுக்குப் போகிறவள், நேரே பாஸ்டரிடம் போய் நின்றிருப்பாள்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கூட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோருடைய தொலைபேசிக்கும் நினைவூட்டல் ஒன்று போகும். யார் பேசுகிறார், எதைப் பற்றி, எத்தனை மணிக்கு, பழம்பொரி வாங்கி வரும் முறை யாருடையது. அந்தச் செய்தியை அனுப்பும் சின்ன நிரலை எழுதியவள் நான். எல்லோரும் தேதியை மறந்துவிட்டு அதையே நம்பியிருந்தார்கள். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

வேலை போன பிறகு வந்த முதல் இரண்டாம் சனிக்கிழமை வழக்கம்போல் போனேன். வேறு போக இடம் இல்லை. பெஞ்சுகள் காலியாக இருந்தன. பேச வந்த பையன் நெடுமங்காட்டிலிருந்து வந்து, கம்பிகளைச் சொருகிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட்டத்தை நடத்துகிற அக்கா வாசலில் நின்றாள். கோட்டைக்குப் பக்கத்து அக்கிரகாரத்துக்காரி, எங்கள் எல்லோரையும்விட மூத்தவள்.

“ஏண்டி, ஒருத்தரையும் காணுமே? மெசேஜ் போச்சோ இல்லியோ?”

என் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. வியாழக்கிழமை என்ற ஒரு நாள் வந்து போனதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பழம்பொரிப் பொட்டலத்தோடு கூட்டத்தின் தாடிக்காரன் வந்தான். நாகர்கோவிலில் படித்த மலையாளி, என்னிடம் அவனுக்கே உரிய ஒரு தமிழில் பேசுவான். “எடோ, உன் மிஷின் செத்துப் போச்சு கேட்டோ. நானும் மறந்து உறங்கிருப்பேன். இன்னிக்கு பழம்பொரி என் முறையல்லே, அந்தப் பயத்துல ஓர்மை வந்துது.” பொட்டலத்தை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தான். “சொல்லு, எங்க ஓடுது? இப்பவே சரியாக்கலாம்.”

“எங்க ஆபீஸ் மிஷின்ல.”

“ஆபீஸ் மிஷின்லயா?” சிரித்தான். “நானும் ரெண்டு மூணு அப்படித்தான் ஓட்டறேன். சரி, உள்ள போ.”

போக முடியாது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். ஆபீஸின் சோதனை இயந்திரம் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் எட்டிப் பார்க்காத அதன் மூலையில் என் நிரலைப் போட்டு வைத்திருந்தேன். என் கணக்கை மூடியபோது அதுவும் கூடவே நின்றுவிட்டது. வேலை போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதைக் காட்டிக்கொடுப்பது போல அறை காலியாகக் கிடந்தது.

“பாஸ்வேர்டு மறந்துட்டியா?” என்றான்.

“நெட்டு மெதுவா இருக்கு” என்றேன்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வந்தவர்கள் போதும், ஆரம்பிக்கலாம் என்றாள். தேங்காய் முறை தொடங்கியது. தாடிக்காரன் எதையோ உடைத்திருந்தான், அதை நடித்தே காட்டினான். நெடுமங்காட்டுப் பையன் ஒன்றும் உடைக்கவில்லை என்றான். “அப்போ நீ ஒண்ணுமே பண்ணலைன்னு அர்த்தம்டா” என்றாள் அக்கா. அந்த மாதம் நானும் எதையும் உடைக்கவில்லை. உடைக்க என் கையில் எதுவும் இல்லை.

என் முறை வந்தது. நெட்டு மெதுவா இருக்கு என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். எழுந்து நின்றேன்.

“நினைவூட்டல் உடைஞ்சு போச்சு” என்றேன்.

“ஏன் உடைஞ்சது?” அக்கா முறைப்படி கேட்டாள்.

“அது ஓடின மிஷின் ஆபீசோடது. இப்ப அந்த ஆபீஸ்ல நான் இல்ல.”

தாடிக்காரன் மடிக்கணினியை மெதுவாக மூடினான். கீழே தேங்காய்கள் உடைந்துகொண்டிருந்தன. ஆறுதல் சொல்லக்கூடாது என்ற விதி எவ்வளவு நல்லது என்று அப்போது தெரிந்தது.

“எப்போலேர்ந்து?”

“போன கூட்டம் முடிஞ்சு வந்த செவ்வாய்க்கிழமையிலேர்ந்து.”

“ஆத்துல சொல்லிட்டியோ?”

“இல்லக்கா.”

“சேச்சி, அது மூணாவது கேள்வி” என்றான் தாடிக்காரன். “ரெண்டுதான் கேக்கணும்.”

“சும்மா இருடா.” அக்கா என் பக்கம் திரும்பினாள். “சரி. இனிமே எதை மாத்தப் போறே?”

“என் பேர்ல ஒரு மிஷின் எடுத்து அதுல ஓட்டணும்.” அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. “அப்புறம், எனக்கு வேலை வேணும்.”

எடை இறங்கியது போல இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. பேருந்தில் ஊர் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டது போல இருந்தது. “எங்கள்ட ஆள் எடுக்கல, இருக்கிறவங்களே பயந்து கிடக்கோம்” என்றான் தாடிக்காரன். “ஆனா எடுக்கிற எடம் ஒண்ணு ரெண்டு எனக்கு அறியும். சொல்றேன்.” அக்கா தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். பையன் பேசினான். நான் கடைசிப் பெஞ்சில் பழம்பொரி தின்றேன். எண்ணெய் அதிகம்.

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அம்மையைக் கூப்பிட்டேன்.

“அம்மா, என் வேலை போச்சு.”

“அடைச்சுப்போட்டானுவளா?”

“அடைக்கல. எங்கள மட்டும் வெளிய அனுப்பிட்டானுவ.”

“என்னைக்கு?”

“போன மாசம்.”

“போன மாசமா? பின்னே தெனமும் ஜோலி முடிஞ்சு, ஜோலி முடிஞ்சுன்னு சொன்னே?”

“முடிஞ்சுன்னுதானே சொன்னேன்.”

“ஒனக்க வாயி!” என்றாள். குக்கர் சத்தம் கேட்டது. “கட்டில எடுக்க அப்பாவ விடட்டா?”

“வேண்டாம்.”

“பின்னே என்ன செய்யப் போறே?”

“இங்கதான் இருப்பேன். பாத்துக்கிடுதேன்.”

கையில் என்ன இருக்கிறது என்ற பழைய கேள்வியைக் கேட்பாள் என்று நின்றேன். அவள் அதைக் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்றாள். பழம்பொரி என்றேன். அது சாப்பாடா என்று திட்டிவிட்டு வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, என் பெயரில், என் வங்கி அட்டையில், ஒரு சின்ன இயந்திரத்தை இணையத்தில் வாடகைக்கு எடுத்தேன். பழைய நிரல் ஆபீசோடு போய்விட்டதால் முதலிலிருந்து எழுதினேன், எண்களின் பட்டியலை அக்காவிடம் வாங்கிக்கொண்டேன். முன்னதைவிட நன்றாக வந்திருக்கிறது. ஓடாமல் நின்றுபோனால் எனக்கும் அக்காவுக்கும் தகவல் வரும்படி செய்திருக்கிறேன். அடுத்த மாதம் பேச ஆள் இல்லை என்று அக்கா சொன்னபோது, நான் பேசுகிறேன் என்றேன். அடுத்தவர் இயந்திரத்தில் நாம் விட்டுவைக்கும் நம்முடைய பொருள்களைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நினைவூட்டலில் பேசுபவர் பெயருக்குக் கீழே, அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று ஒரு வரி வரும். என் பெயருக்குக் கீழே அதை வெறுமையாக விட்டிருந்தேன். கூட்டத்துக்கு முந்தின புதன்கிழமை அதை நிரப்பினேன். ‘நான்கு வருட அனுபவம். வேலை தேடுகிறார்.’ கூட்டத்துக்கு எப்போதோ ஒருமுறை வந்தவர்களின் எண்களும், என்னோடு வந்து பார்த்த பழைய ஆபீஸ்காரர்களின் எண்களும் நினைவூட்டல் போகும் பட்டியலில் இருக்கின்றன. யாரையும் நீக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அது சொன்ன நேரத்தில் எல்லோருக்கும் போனது. எனக்கும் வந்தது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை.