பூட்டுப் போடாத தீர்மானம்

மார்ச் மாதம் வந்தால் எங்கள் ஊர் ஹார்லன்ஸ் மில்லில் இரண்டு விஷயம் நிச்சயம்: தெருவெல்லாம் சேறு, பள்ளிக்கூட ஜிம் ஹாலில் சண்டை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு செலவு, அதற்கு வீட்டு வரியை எவ்வளவு ஏற்றுவது என்று ஊர்ச்சனம் ஒரு சனிக்கிழமை கூடி, ஆரஞ்சு நிற ஓட்டு அட்டையைத் தூக்கித் தீர்மானிக்கும். அமெரிக்காவில் இந்த நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எங்களுக்குப் பாட்டு, கூத்து எல்லாமே அதுதான். நடுவில் மத்தியானச் சாப்பாடு உண்டு. பீன்ஸ், ஹாம், ஆப்பிள் பை. சமைப்பவள் வெர்னா பெல்க்கி.

வெர்னா அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளில் கரண்டியைப் பிடித்தவள், இன்னும் விடவில்லை. எந்தப் பிள்ளைக்கு வீட்டில் சனி ஞாயிறு அடுப்பு எரியாது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் தட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு கரண்டி கூட விழும். கேட்டால், "கை தவறிடுச்சு" என்பாள். பொல்லாத கை அது, சரியாகப் பார்த்துத் தவறும்.

அந்த வருஷம் மாநிலத்திலிருந்து வரும் உதவி குறைந்துபோனது. வரியை ஏற்றினால் பள்ளிக்கூடம் இப்படியே ஓடும். இல்லாவிட்டால் சமையலறையை மூடிவிட்டு, பக்கத்து ஊரிலிருந்து ஆறிப்போன டப்பாச் சாப்பாடு வரவழைப்போம் என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. சமையலறை போனால் வெர்னாவின் வேலை போகும். வேலையோடு இன்ஷூரன்ஸ் போகும். அந்த இன்ஷூரன்ஸை நம்பித்தான் அவள் புருஷன் லூசியனுக்கு இலையுதிர் காலத்தில் இருதய ஆபரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். அரசாங்க இன்ஷூரன்ஸ் கிடைக்கிற வயசு அவனுக்கு இன்னும் ஆகவில்லை.

சரி, அப்படியென்றால் வரியை ஏற்றிவிட்டுப் போகலாமே என்கிறீர்களா? அங்கேதான் வம்பு. பெல்க்கி வீடு ஏரியைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. லூசியனின் அப்பா தன் கையால் கட்டியது. கோடையில் மட்டும் வந்துபோகிற பணக்காரர்கள் சுற்றியிருந்த மனைகளையெல்லாம் வாங்கி விலையை ஏற்றிவிட்டார்கள். விலை ஏறினால் வரியும் ஏறும். ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

கூட்டத்தன்று காலையில்கூட இதே பேச்சுதான்.

"ஹாட்ஜ்டன் குடும்பம் என்ன ஆச்சு பாத்தியா? வரி கட்ட முடியாம வீட்ட வித்துட்டு, மக வீட்டுக்குப் பின்னால ட்ரெய்லர் வண்டிக்குள்ள கெடக்கறாங்க" என்றான் லூசியன்.

"இன்ஷூரன்ஸ் இல்லன்னா ஆபரேஷன் இல்ல. ஆபரேஷன் இல்லன்னா நீ இல்ல. அப்புறம் வீட்ட வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, நாக்கு வழிக்கவா?"

"உனக்கு வாய் நீளம், வெர்ன்."

"ஆமா, உனக்குப் பிடிவாதம் நீளம். நல்ல ஜோடி!"

அவன் சொல்வதும் நிஜம், அவள் சொல்வதும் நிஜம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவளுக்கு வீடு ஒரு பொருட்டே இல்லை. அவன் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவன் எத்தனையோ வருஷமாக வரி ஏற்றத்துக்கு எதிராக எழுந்து நின்று முழங்குகிறவன். ஊரில் பாதிப் பேர் அவன் அட்டையைப் பார்த்துத் தங்கள் அட்டையைத் தூக்குவார்கள்.

ஹால் நிரம்பி வழிந்தது. மேடையில் சுத்தியலோடு ஆல்டன் விக்கம், கூட்டத் தலைவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான டெஸ், போன வருஷம்தான் குடிவந்தவள், வரி ஏற்றத்துக்காகப் பேசினாள். பின்வரிசைக் கிழவர் ஏர்ல் எழுந்தார்.

"நாங்கெல்லாம் வீட்டுலேர்ந்து காஞ்ச ரொட்டி கட்டிக்கிட்டுப் போய்ப் படிச்சோம். செத்தா போயிட்டோம்?"

"ஒன்னப் பாத்தா பாதி செத்த மாதிரிதான் இருக்கு, ஏர்ல்!" என்று யாரோ கத்த, ஹால் குலுங்கியது.

"ஆள இழுத்துப் பேசாதீங்க" என்று ஆல்டன் சுத்தியலைத் தட்டினார். "ஓட்டுக்குப் போகலாம். வரி ஏத்தறதுக்குச் சம்மதம்ங்கறவங்க அட்டையத் தூக்குங்க."

வெர்னா ஏப்ரனோடு ஓடிவந்து லூசியன் பக்கத்தில் உட்கார்ந்து தன் அட்டையைத் தூக்கினாள். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பினால், லூசியனின் கை மேலே இருந்தது. அதில் ஆரஞ்சு அட்டை.

ஹாலில் ஒரு சலசலப்பு. ஏர்ல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். எண்ணிப் பார்த்தார்கள். சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. டெஸ்ஸும் அவள் சிநேகிதிகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு தீர்மானம் ஜெயித்த கையோடு, ஜெயித்த பக்கத்தவர் ஒருவர் எழுந்து, இதை இன்றைக்கு மறுபடி ஓட்டுக்கு விடக்கூடாது என்று இன்னொரு தீர்மானம் போடுவார். பூட்டுப் போடுவது என்போம். பூட்டாமல் விட்டால், ஆட்கள் கலைந்த பிறகு யாராவது அதையே மறுபடி கிளப்பலாம். எப்போதும் பூட்டுப் போடுகிறவன் லூசியன்தான், அவன் பக்கம்தானே ஜெயிக்கும். டெஸ்ஸுக்கு இந்த வழக்கம் தெரியாது. வெர்னாவுக்குத் தெரியும், கரதலப் பாடம். ஆனால் அந்த நிமிஷம் அவளுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. சமையலறைக்கு ஓடி, அடுப்புக்கு முன்னால் நின்று, ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்காக, எனக்காகத் தூக்கிட்டான் பாவி மனுஷன்!

சாப்பாட்டு வேளையில் இருப்பதிலேயே பெரிய ஆப்பிள் பைத் துண்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். ஊர் பார்க்க அவன் தோளில் கை வைத்தாள். அப்படியெல்லாம் செய்கிற ஜோடி இல்லை அவர்கள்.

"இன்னிக்கு உன் மேல எனக்குக் கோவமே இல்ல" என்றாள்.

"பை நல்லாருக்கு" என்றான் அவன், தட்டைப் பார்த்துக்கொண்டே. பாதிதான் சாப்பிட்டான்.

வெளியே பனி கொட்ட ஆரம்பித்தது. பிள்ளைகுட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். டெஸ் சமையலறைக்கே வந்து, "அடுத்த வருஷமும் உங்க சூப்புதான், வெர்னாம்மா!" என்று கட்டிக்கொண்டு போனாள். மீதம் உட்கார்ந்திருந்ததெல்லாம் நரைத்த தலைகள்.

வெர்னா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பரிமாறும் ஜன்னல் வழியாக லூசியனின் குரல் கேட்டது.

"தலைவரே, நான் ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவன். வரித் தீர்மானத்த மறுபடி ஓட்டுக்கு விடணும்னு கேட்டுக்கறேன்."

ஆல்டன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெயிச்ச பக்கம் போட்டவங்களுக்குத்தான் அதக் கேக்க உரிமை உண்டு" என்றார். "லூசியன் கையத் தூக்கினத நானே பாத்தேன். யாரும் பூட்டும் போடல. விதிப்படி எடுத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

வெர்னா ஈரக்கையோடு ஓடிவந்தாள். ஏப்ரன் பையிலிருந்த அட்டை நனைந்து தொய்ந்துபோயிருந்தது. வரி ஏற்றத்துக்குச் சம்மதம் என்று அதைத் தூக்கிக்கொண்டு ஹாலின் ஓரத்தில் நின்றாள். அவளோடு ஏழெட்டு அட்டைதான். எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை, தீர்மானம் தோற்றது. இந்தத் தடவை ஏர்ல் உடனே எழுந்து பூட்டுப் போட்டார்.

பாத்திரமெல்லாம் கழுவி அடுக்கிய பிறகுதான் அவள் வெளியே வந்தாள். லூசியன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் அவனை வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பவில்லை.

"கையத் தூக்கும்போதே இதுதான் திட்டமா?"

"ஆமா."

"நீ எனக்காகத் தூக்கினேன்னு நெனச்சேன், லூ. அடுப்படியில நின்னு அழுதேன். ஊரு சிரிக்கப் பை கொண்டாந்து வச்சேனே உனக்கு!"

"உனக்காகத்தான்" என்றான். மூச்சு வாங்கியது. "ஆபரேஷன் பண்ணினாலும் எத்தன நாளைக்குன்னு டாக்டர் சொல்லல. நான் போனப்புறம் உனக்குன்னு அந்த வீடு ஒண்ணுதான். அதையும் வரிக்குக் குடுத்துட்டு, உன்ன ட்ரெய்லர்ல விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டிருந்தா நீ பூட்டுப் போட்டிருப்ப."

அவள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் அடித்தாள். இறங்கி நடந்துவிடலாமா என்று வந்தது. இந்தப் பனியில் எங்கே நடப்பது? அவள் இறங்கிவிட்டால் இவனை யார் வீடு சேர்ப்பது? லூசியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நாசமாப் போக" என்றாள் வெர்னா, அழுதுகொண்டே. சாவியைத் திருப்பி, ஹீட்டரை அவன் பக்கமாகத் திருப்பிவிட்டு, அந்த வீட்டைப் பார்த்து வண்டியை ஓட்டினாள்.