இரண்டு தகரம், இரண்டு கம்பு

2021 ஏப்ரல் 29, வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பது. மேகம் இல்லை, காற்றும் இல்லை. அந்த நேரத்துக்கே முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. பந்தல்காரர் வந்து எங்கள் வாசல் தகரத்தைத் தட்டினார்.

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் முதலில் நோய் கண்டது எங்கள் வீட்டில்தான். பதினைந்தாம் தேதி என் மனைவியை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். அன்று மாலையே கேட்டுக்கு முன்னால் நான்கு சவுக்குக் கம்பு நட்டு, ஐந்து தகரத்தைக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டார்கள். எனக்கும் நோய்தான், லேசாக. வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். தகரங்கள் பந்தல்காரருடையவை. கல்யாணங்கள் நின்றுபோன வருஷம் அது. பந்தல் அடைக்கும் தகரத்தால் அவர் வீடுகளை அடைத்துக்கொண்டிருந்தார்.

இருபத்தொன்றாம் தேதி மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. மற்றதை எல்லாம் அவர்களே முடித்துவிட்டார்கள். ஓசூரில் மகள் வீட்டிலும் காய்ச்சல், அவளால் வர முடியவில்லை. நான் தகரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். அழுகை வரவில்லை. இரவு ஆறு பிஸ்கட் தின்றேன். அடுத்த நாளும் ஆறு.

முன்வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன். பார்ப்பதற்குத் தகரம் மட்டும்தான் இருந்தது. தகரத்துக்கு மேலே மலையின் உச்சி தெரியும். பக்கத்து மனையின் வேப்பமரத்திலிருந்து பூ உதிர்ந்து தரையெல்லாம் பொரி கொட்டியதுபோல் கிடக்கும். அது உதிர்ந்தது, நான் பார்த்தேன், அவ்வளவுதான். சித்ரா பௌர்ணமி வந்து போனது. கிரிவலத்துக்குத் தடை. விடிய விடிய காலடிச் சத்தம் கேட்கும் நாளில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு தேன்சிட்டு, கம்பில் நீட்டிக்கொண்டிருந்த கட்டுக்கம்பியின் முனையில், உள்பக்கமாகக் கூடு கட்டியது. முதலில் எரிச்சலாக இருந்தது. கேட்டெல்லாம் எச்சம். சிலந்தி நூலும் வேப்பம்பூக் காம்பும் கொண்டுவந்து, ஒரு சின்னப் பை தொங்குவதுபோல் செய்துவிட்டது. இருபத்தேழாம் தேதியிலிருந்து பெண் குருவி உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. மூக்கு மட்டும் வெளியே தெரியும்.

"சார், பதினாலு நாள் முடிஞ்சிடுச்சு. அவுத்துட்டுப் போறேன்" என்றார் பந்தல்காரர்.

"முட்டை வெச்சிருக்கு. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"இன்னா சார், விளையாடறீங்களா? தெருவுக்குத் தெரு தகரம் கேக்கறாங்க. கல்யாண வீட்லகூட ஒருத்தரும் ஒரு நாள் ஜாஸ்தி வைங்கன்னு கேட்டதில்ல."

"வாடகை நான் தரேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இழவு விழுந்த வீடு என்று அவருக்குத் தெரியும். பேரம் பேசக் கூச்சப்பட்டார், நான் கூச்சப்படவில்லை. மூன்று தகரத்தையும் இரண்டு கம்பையும் எடுத்துக்கொள்வது, கூடு இருக்கும் இடத்தில் இரண்டு தகரமும் இரண்டு கம்பும் நிற்பது என்று முடிவானது. தகரத்துக்கு நாளொன்றுக்குப் பதினைந்து, கம்புக்கு ஐந்து.

"எத்தினி நாளு சார்?"

"ஒரு வாரம்."

"குருவியை வெரசாப் பொரிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் என்று எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியாது. முப்பத்தோரு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவன், குருவிக்கு எத்தனை நாள் என்று யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு தகரம் யாரையும் தடுக்காது. இரண்டு பக்கமும் நடந்து வரலாம். ஆனாலும் பால்காரர் தெருமுனையோடு திரும்பினார். நான்காம் நாள் எதிர்வீட்டு அம்மாள் அவர்கள் கேட்டுக்குள் நின்றபடியே கூப்பிட்டார். வீட்டில் மாவு அரைத்து விற்கிறவர்.

"சார், கோச்சுக்காதீங்க. தகரத்தப் பாத்துட்டு மாவு வாங்க வர்றவங்க ஓடிப்போறாங்க. நேத்து பதினோரு பாக்கெட் புளிச்சுப்போச்சு. அதான் உங்களுக்கு முடிஞ்சிடுச்சே, எடுத்துடக்கூடாதா?"

"குருவிக்கூடு இருக்கும்மா."

"குருவிக்கா?" வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "எங்க வீட்ல ரெண்டு பசங்க இருக்காங்க சார். அவங்களும் சாப்பிடணும்."

சாக்பீஸ் எடுத்துப்போய்த் தகரத்தின் வெளிப்பக்கம், 'இங்கு நோய் இல்லை. கூடு மட்டும்' என்று எழுதினேன். தினம் ஒரு பாக்கெட் மாவு எனக்குப் போடச் சொன்னேன். முப்பது ரூபாயைச் சுற்றுச்சுவரில் கல் வைத்து வைப்பேன். பாக்கெட் அங்கே இருக்கும். ஒரு பாக்கெட் மாவில் ஒன்பது தோசை வரும். முதல் நாள் இரண்டு தின்றேன், இரண்டும் கருகல். தோசைக்கல்லை எவ்வளவு காய வைக்க வேண்டும் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

மே பத்தாம் தேதி ஊரே அடைபட்டது. பதிமூன்றாம் தேதியிலிருந்து ஆண் குருவியும் பெண் குருவியும் மாறி மாறிப் பூச்சி கொண்டுவரத் தொடங்கின. ஒரு மணி நேரத்தில் பதினெட்டு தடவை. கூட்டுக்குள் இரண்டு வாய்கள். பந்தல்காரர் போனில், "வாரம் ரெண்டாச்சு சார், நாளைக்கு வர்றேன்" என்பார். "இன்னும் நாலு நாள்" என்பேன். இப்படி மூன்று தடவை சொன்னேன்.

பதினேழாம் தேதி மாலை நான்கு மணிக்குக் கோடைமழை வருவதற்கு முன்னால் அப்படி ஒரு காற்று. மலைப்பக்கம் செம்மண் புழுதி எழுந்து உச்சி மறைந்தது. தகரம் கிடந்து அடித்துக்கொண்டது. பக்கத்துணை இல்லாத கம்பு ஆடத் தொடங்கியது. ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கூடு என் காதுக்கு அருகில் ஊசலாடியது. இன்னொரு கம்பு வேரோடு சாய்வதுபோல் சாய்ந்தது. எனக்கு மூன்றாவது கை இல்லை.

"விடாதீங்க சார்!"

எதிர்வீட்டு அம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடிவந்தார். அந்தக் கம்பைத் தோளால் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். ஒரு மாதத்துக்கு மேல் பந்தல்காரரைத் தவிர என் பக்கம் பத்தடிக்குள் யாரும் வந்ததில்லை. மழை கொட்டியது. இருவரும் நனைந்தபடி தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"கல்யாணம் காட்சிக்கு இப்படி நின்னிருந்தாக்கூட அர்த்தம் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில், "அக்கா போனதுக்கு வந்து ஒரு வார்த்தை கேக்கல சார். பயம். பசங்க இருக்காங்கன்னு பயம்."

"பரவாயில்லம்மா."

"என்ன பரவாயில்ல? எனக்கு முதமுதல்ல கிரைண்டர் வாங்கக் காசு குடுத்தது அக்காதான். உங்களுக்குத் தெரியாது."

தெரியாதுதான். எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. மழைத் தண்ணீர் முகத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் வேறு எதுவும் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. நாற்பது நிமிஷம் கழித்துக் காற்று அடங்கியது. கூட்டிலிருந்து கீச்சென்று சத்தம் கேட்டது. "ரெண்டும் இருக்கு சார்" என்றார் அவர். பிறகு கல் கொண்டுவந்து கம்பின் அடியில் இடித்து இறுக்கிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து மாவு பாக்கெட்டைச் சுவரில் வைக்காமல் என் கையில் கொடுத்தார்.

மே 28, வெள்ளிக்கிழமை, காலை ஏழு பத்துக்கு முதல் குஞ்சு கட்டுக்கம்பியில் வந்து உட்கார்ந்து, வேப்பமரத்துக்குப் பறந்தது. இரண்டாவது ஒன்பது முப்பத்தைந்து வரை யோசித்தது. நான் இட்லி ஊற்றி வைத்திருந்தேன், அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். அதுவும் போனது. பெரிதாக எதுவும் தோன்றவில்லை. ஆனால் மதியம் மகளுக்கு நானாகவே போன் செய்தேன். அதுவரை அவள்தான் செய்வாள். குருவியைப் பற்றிப் பதினொரு நிமிஷம் பேசினேன். அவள் அழுதாள்.

சாயங்காலம் பந்தல்காரர் வந்து கம்பைப் பிடுங்கினார். கம்பியோடு கூட்டை வெட்டி என்னிடம் நீட்டினார். "இதுக்கு வாடகை இல்ல சார், வெச்சுக்குங்க."

முப்பது நாள், நாளொன்றுக்கு நாற்பது, ஆயிரத்து இருநூறு. இருபத்தேழு பாக்கெட் மாவு எண்ணூற்றுப் பத்து. அதையும் இதில்தான் சேர்க்க வேண்டும். மொத்தம் இரண்டாயிரத்துப் பத்து ரூபாய்.