நெரிசல் இல்லாத பக்கம்

விரல் நீளக் கண்ணாடித் தகடு. ஊதா விளக்கின் கீழே அதில் ஒரே ஒரு கரும்புள்ளி. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியின் மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றில், பக்கத்து மேசைத் தோழி அதை என் மூக்கருகே நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. புள்ளி ஒன்றென்றால் குடுவையில் இருப்பது ஒரே பொருள். அவள் சும்மாவே ஓரிடத்தில் நிற்கமாட்டாள். அன்று கேட்கவே வேண்டாம். நாங்கள் இருவரும் தற்காலிக ஊழியர்கள். அந்தப் பொருள் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவள் வேலை நிரந்தரமாகும்.

அதைச் செய்ய எடுத்த மூலப்பொருள் ஓர் எபாக்சைடு, மூன்று அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் வளையம். உடைய எப்போதும் தயார். காரம் சேர்த்து மெத்தனாலில் சூடாக்கினால், மெத்தனால் நெரிசல் இல்லாத பக்கமாக வந்து ஒட்டும். நாள் முழுக்க ஆகும். ஒரு சொட்டு அமிலம் விட்டால் சட்டென்று முடிந்துவிடும், ஆனால் நெரிசலான பக்கத்தில் ஒட்டும். எங்களுக்கு வேண்டியது முதல் வகை. இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? "இதுல ரெண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லப்பா. பாதிய அமிலத்துல போட்டுப் பாக்கறேன், ஸ்வல்ப ரிஸ்க்தான்," என்றாள். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் வளர்ந்தவள், 'கொஞ்சம்' என்பது அவள் வாயில் கன்னட 'ஸ்வல்ப'தான்.

அந்த ஒற்றைப் புள்ளி வந்தது அப்படித்தான். மூலக்கூறின் எடை பார்க்கும் கருவியும் சரி என்றது. சொல்லத்தானே செய்யும், எந்தப் பக்கம் ஒட்டினாலும் எடை ஒன்றுதான். மேலதிகாரி, "அனுப்பிடலாம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் காபி வந்தது. அவள் குடிக்கவில்லை. மேசைக்கும் சன்னலுக்குமாக நடந்தாள். பிறகு யாரும் கேட்காமலே மாதிரியை என்.எம்.ஆர். அறைக்கு எடுத்துப் போனாள். எந்த அணு எங்கே ஒட்டியிருக்கிறது என்று அந்தக் கருவி காட்டிவிடும். திரும்பி வந்தாள். "தப்பான பக்கம்ப்பா," என்றாள். நேரே மேலதிகாரியின் அறைக்குப் போனாள். "சார், அனுப்பாதீங்க. நான் அவசரப்பட்டுட்டேன்." மாதக் கடைசியில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் தொடாமல் வைத்திருந்த மீதிப் பாதி என்னிடம் வந்தது. காரத்தில் போட்டுக் காத்திருந்தேன். சரியான பொருள் கிடைத்தது, எனக்கு வேலை நிரந்தரமானது.

இன்று அதே மேசையில் வேறொரு எபாக்சைடு கொதிக்கிறது. ஆயிற்றா, ஆயிற்றா என்று போன் மேல் போன். தகட்டை ஊதா விளக்கில் பிடிக்கிறேன். இரண்டு புள்ளிகள், இன்னும் முடியவில்லை. அமில பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எழுந்து சன்னல்வரை நடந்துவிட்டு வருகிறேன். அவள் மிச்சம் வைத்த பாதியில் கிடைத்த நாற்காலி இது. உட்கார முடியவில்லை. மறுபடி தகடு, மறுபடி இரண்டு புள்ளிகள்.