ரிசர்வ் அண்ணனின் அட்டை

"எந்த ரோடு?" என்று கேட்டன, ஜீப்புக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள்.

அவரிடம் பேச வேண்டுமென்றால் கால்களைப் பார்த்துத்தான் பேச வேண்டும். மீதி உடம்பு எப்போதும் ஏதாவது ஒரு வண்டியின் வயிற்றுக்குக் கீழே, சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து கிடக்கும். பழகியவர்களுக்கு அந்தக் கால்களே போதும். பேச்சு பிடித்திருந்தால் வலது கட்டைவிரல் ஆடும். பிடிக்காவிட்டால் பத்து விரலும் மடங்கிக்கொள்ளும். நல்லவேளை, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் படுப்பார். இல்லாவிட்டால் அவர் மனநிலையை நாங்கள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

நண்பர்களோடு நான் போகவிருந்த பாதையைச் சொன்னேன். நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு பெட்ரோல் பங்க்கூட கண்ணில் படாத பாதை. கட்டைவிரல் ஆடியது.

"அப்ப பெரிய டேங்க்தான் போடணும். கேன் கீன்னு பின்னாடி தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறதா இருந்தா, இப்பவே சொல்லிடுங்க. நான் வேற வேலையைப் பாக்கறேன்."

ஜீப்புகளுக்குப் பெரிய டீசல் டேங்க் மாட்டுவதுதான் அவர் தொழில். கம்பெனி கொடுத்த சின்ன டேங்கை இறக்கிவிட்டு, அதைப்போல இரண்டு மடங்கு பிடிக்கும் டேங்கை அந்த இடுக்கிலேயே ஏற்றிவிடுவார். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். யாரும் அதைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'ரிசர்வ் அண்ணன்'.

பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறான். சட்டைப் பையில் ஒரு மூக்குக்கண்ணாடி, கழுத்துக் கயிற்றில் இன்னொன்று. சாப்பாட்டு டப்பா இரண்டு, ஒன்று அவருக்கு, மற்றது "யாராச்சும் வந்துட்டா?" என்பதற்கு. டீ வந்தால் பாதிதான் குடிப்பார். மீதியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, "அப்புறத்துக்கு" என்று அலமாரியில் ஏற்றிவிடுவார். அந்த அப்புறம் வருவதற்குள் டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். அதையும் ஊதி ஊதித்தான் குடிப்பார்.

பட்டறையின் முன்னறையில் உட்கார்ந்து பில் போடுவது அவர் மனைவி. "இவர் சிரிப்புலகூட பாதியை எடுத்து வெச்சுடுவார் சார்" என்றார் என்னிடம். "மீதியை எப்பதான் சிரிப்பார்னு நானும் கல்யாணமான நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

வாடிக்கையாளர்களின் ஃபோனுக்குப் பதில் சொல்வதும் அவர்தான். ரிசர்வ் அண்ணனின் ஃபோன் மேஜை டிராயரில் தூங்கும். "அடியில படுத்திருக்கறவனுக்கு ஃபோன் எதுக்கு? மணி அடிச்சா தலையை இடிச்சுக்கறதுக்கா?" என்பது அண்ணனின் கட்சி. பெரிய டேங்க் மாட்டிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் ஒரு வாரத்துக்குள் அலறியடித்துக்கொண்டு கூப்பிடுவார்கள். டீசல் முள் காலி என்று காட்டுகிறது, நடுக்காட்டில் நிற்கப் போகிறோம், என்ன டேங்க் மாட்டினீர்கள் என்று ஒரே சத்தமாக இருக்கும். மனைவி அலட்டிக்கொள்ளாமல் சொல்வார்: "முள்ளு அப்படித்தாங்க சொல்லும். கீழ கிடக்கு. வாங்க."

விஷயம் இதுதான். பழைய டேங்கில், டீசல் மட்டத்தை முள்ளுக்குச் சொல்ல இருந்த மிதவையையே புதிய டேங்கிலும் போட்டுவிடுவார். அதற்கு அடிவரை கை எட்டாது. கீழே இன்னும் ஒரு குடம் டீசல் கிடக்கும்போதே முள் படுத்துவிடும். நீளமான மிதவை போடத் தெரியாமலில்லை. "முள்ளு கொஞ்சம் பயமுறுத்தினாத்தான் ஜனங்க ஒழுங்கா பங்க்ல நிறுத்துவாங்க" என்றன கால்கள். போகிறவர்களின் வயிற்றில் புளியைக் கரைத்து அனுப்புவதும் அவருக்கு ஒரு வகை அக்கறை.

பட்டறைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதல் சட்டம்: டேங்க் மாட்டிய வண்டியில் கேன் இருக்கக் கூடாது. இருந்தால் பிடுங்கிக்கொள்வார். பின்சுவர் முழுக்க அப்படிப் பிடுங்கிய கேன்கள் பல நிறத்தில் அடுக்கியிருக்கின்றன. யாராவது அதைப் பார்த்தால் மனிதருக்கு முகம் கொள்ளாத பெருமை.

இரண்டாவது சட்டம் அட்டை. டேங்கை ஏற்றி, டீசல் ஊற்றியதும், ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரிப்பார். ராத்திரி முழுக்க அது அங்கே கிடக்க வேண்டும். காலையில் அதை வெளியே இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, மூக்கை ஒட்டி முகர்ந்து பார்ப்பார். ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் சாவி கிடையாது, இன்னொரு ராத்திரி. தன் கல்யாணத்துக்கே போக வேண்டிய மாப்பிள்ளை ஒருவர் வந்து காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். "பொண்ணு ஒரு நாள் காத்திருக்கும். டீசல் காத்திருக்காது" என்று சொல்லிவிட்டு மறுபடி பலகையில் படுத்துவிட்டாராம்.

எல்லாம் சரி, என் டேங்க் எங்கே? வரவழைக்க வேண்டுமாம். நானும் போய்ப் போய் நின்றேன். ஒரு நாள் மூலையில், பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். போர்வையைத் தூக்கினால், என் ஜீப்புக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி புத்தம் புதிய டேங்க்!

"அண்ணே, இங்க ஒண்ணு இருக்கே. இதையே மாட்டிடலாமே?"

பத்து விரலும் மடங்கின.

"அது வித்தாச்சு."

"யாருக்கு?"

"வித்தாச்சுன்னா வித்தாச்சு சார். போர்வையை மூடுங்க."

விற்ற சாமானை எவனாவது தினமும் தன் தோள் துண்டால் துடைப்பானா? எனக்குக் கோபம் வந்தது. நேராக முன்னறைக்குப் போய் அந்த அம்மாவிடம் நியாயம் கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது எங்க பொண்ணு வண்டிக்கு சார். ஒரே பொண்ணு. நிலம் அளக்கற வேலை. அவளோடதும் உங்களுது மாதிரி ஜீப்தான். முதல் வேலைக்குக் கிளம்பும்போது இவர் டேங்க் மாட்டிட்டுப் போன்னார். அவ, 'ரெண்டு கேன் இருக்குப்பா, நான் சமாளிச்சுக்குவேன்'னா. கேன்னு சொன்னதுதான் தாமதம், இவருக்கு மூக்கு மேல கோபம் வந்துடுச்சு. 'அப்ப வழியில நின்னா எனக்கு ஃபோன் பண்ணாதே'ன்னுட்டார். அவளும் பண்ணல. என்கிட்ட மட்டும் பேசுவா."

"இவர்?"

"நான் அவகூட பேசும்போது இவர் இரும்பு தேய்க்கற கிரைண்டரை நிறுத்திடுவார். கேட்டா, சூடாயிடுச்சும்பார்."

மகளை இப்போது இன்னும் தூரத்துக்கு மாற்றிவிட்டார்களாம். போகும் வழியில் இங்கே எட்டிப் பார்க்கிறாள். காலையில் வந்து சாயங்காலமே கிளம்பிவிடுவாள். "அதுக்குள்ள அந்த வார்த்தையை இவர் திருப்பி வாங்கிக்கணும் சார். இல்லேன்னா அந்தப் பொட்டல்ல தனியா நின்னாலும் அவ இவரைக் கூப்பிட மாட்டா. இவர் பொண்ணுதானே." என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு டேங்கைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் வந்த அன்று நானும் அங்கேதான் இருந்தேன். தலை முதல் கால் வரை புழுதி. வெயிலில் கறுத்த முகம். நடை அப்படியே அப்பா. அம்மாவைக் கட்டிக்கொண்டு கொஞ்சிவிட்டு, கால்களுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என் வண்டியில முள்ளு தகராறு பண்ணுது. பாக்க முடியுமா?"

விரல்கள் மடங்கவும் இல்லை, ஆடவும் இல்லை. என்ன செய்வதென்று அவற்றுக்கே தெரியவில்லை போலும்.

"பாக்கலாம். டேங்கை இறக்கித்தான் பாக்கணும்."

"இறக்குங்க."

"இறக்கினதையே திருப்பி ஏத்தறது வெட்டி வேலை."

"உங்க இஷ்டம்."

யாரும் விட்டுக்கொடுக்காமலே ஒரு சமாதானம் முடிந்துவிட்டது. போர்வை பறந்தது. என் வண்டிக்கு முன்னால் நின்ற வண்டி, அதற்கு முன்னால் நின்ற வண்டி எல்லாம் அப்படி அப்படியே நிற்க, மனிதர் மகளின் ஜீப்புக்கு அடியில் பாய்ந்தார். மதியம் முழுக்க ஜாக்கி ஏறும் சத்தமும் ஸ்பேனர் விழும் சத்தமும்தான். மகள் கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்து கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டேங்க் ஏறிவிட்டது. டீசல் ஊற்றினார். அட்டையை விரித்தார்.

"நான் இப்பவே கிளம்பணும்" என்றாள் மகள்.

"ராத்திரி முழுக்க அட்டை கிடக்கணும்."

அந்தச் சட்டத்திலேயே வளர்ந்த பெண். "சரி" என்று பையை இறக்கி வைத்தாள். உள்ளே அம்மா பெரிய பாத்திரத்தை எடுக்கும் சத்தம் உடனே கேட்டது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நான் போய்விட்டேன். எனக்கென்ன வேலை என்று கேட்காதீர்கள், வேடிக்கை பார்க்கத்தான். ரிசர்வ் அண்ணன் அட்டையை வெளியே இழுத்தார். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"கசியுது" என்றார், முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு. "இன்னிக்குப் போக முடியாது. இன்னொரு ராத்திரி போட்டுப் பாக்கணும்."

எனக்குப் பகீரென்றது. இவர் வேலையில் கசிவா? அப்புறம்தான் ஒன்று உறைத்தது. தடவிப் பார்க்கவில்லை, முகரவும் இல்லை. காய்ந்த அட்டையைக்கூட முகர்ந்து பார்க்கிற மனிதர்!

மகள் குனிந்து ஈரத்தைத் தொட்டாள். விரலோடு விரல் தேய்த்தாள், பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்தாள்.

"அப்பா, டீசல்ல யாருப்பா சக்கரை போட்டது?"

அம்மா அலமாரிக்குப் போய் ஃபிளாஸ்க்கைத் திறந்து கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. "அப்புறத்துக்குன்னு வெச்ச டீயைக் காணோமே!" என்றார், ஊருக்கே கேட்கிற குரலில்.

அந்த வயதில் ஒருவர் அவ்வளவு வேகமாக வண்டிக்கு அடியில் போய் நான் பார்த்ததில்லை. பலகை கடகடவென்று உருண்டது. கால்கள் மட்டும் வெளியே. பத்து விரலும் மடங்கியிருந்தன. ஆனால் கோபத்தில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

மகள் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அடியிலிருந்து குரல் வந்தது.

"அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்பு பாப்பா. நேத்து பூரா சொல்லணும் சொல்லணும்னு பாத்தேன். வாய் வரல. இன்னும் ஒரு நாள் இருந்தா எப்படியாவது சொல்லிடலாம்னு…"

"இப்ப சொல்லிட்டீங்களே."

"அடியில படுத்துக்கிட்டு சொன்னா செல்லுமா?"

"செல்லும்பா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் கூப்பிட்டிருக்கணும். ஒரு தடவை நின்னுட்டேன். ரெண்டு கேனும் காலி. நம்பரை எடுத்து வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் ஒரு லாரிக்காரர் குடுத்தார்."

அடியில் எதுவோ கணீரென்று விழுந்தது. ஸ்பேனராகத்தான் இருக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை.

பிறகு அவள்தான் எழுந்து அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஆனா அட்டை ஈரமாத்தானே இருக்கு? ஈரமா இருந்தா சாவி கிடையாதுல்ல? அம்மா, நான் நாளைக்குப் போறேன்."

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. தகரம் அதிர்கிற மாதிரி பெரிய சிரிப்பு. அம்மா ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்தபடியே முன்னால் வந்து நின்றுவிட்டார். மீதி வைத்ததையெல்லாம் மனிதர் ஒரே மூச்சில் சிரித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அட்டை எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. சாவியை வாங்குவதற்கு முன்னால் மகள் தானாகவே தன் இரண்டு கேன்களையும் கொண்டுபோய்ப் பின்சுவர் ஓரம் வைத்தாள். ரிசர்வ் அண்ணன் அவற்றைப் பார்த்தார். எடுத்தார். நேராக டீசல் டிரம் பக்கம் கொண்டுபோய் இரண்டையும் நிரப்பி, ஜீப்பின் கூரைச் சட்டத்தில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"டேங்க்தான் இருக்கேப்பா. இது எதுக்கு?"

"இருக்கட்டும். அப்புறத்துக்கு." கயிற்றை இழுத்துப் பார்த்தார், முடிச்சை அழுத்தினார், ஏற்கெனவே அழுத்திய முடிச்சைத் திரும்பவும் அழுத்தினார். "முள்ளு காலின்னு காட்டும். பயப்படாதே."

"தெரியும்பா. கீழ கிடக்கும்."

"வழியில நின்னா கூப்பிடு" என்றார். அவள் வண்டியைக் கிளப்பியதும் கூடவே இரண்டு எட்டு நடந்தார். "நிக்காட்டியும் கூப்பிடு."

ஜீப் தெருமுனை திரும்பியது. புழுதி அடங்குகிறவரை எல்லோரும் வாசலிலேயே நின்றோம். ஒருவழியாக என் டேங்கும் வந்து இறங்கியிருந்தது. அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, என் வண்டிக்கு அடியில் உருண்டு போனார்.

முன்னறையில் ரப்பர் ஸ்டாம்பைத் தேடிய மனைவி டிராயரைத் திறந்தார். "ஏங்க, உங்க ஃபோனைக் காணோமே?"

ஃபோன் என் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், மடித்துப் போட்ட தோள் துண்டின் மேல், முகம் மேலே பார்க்கக் கிடந்தது. வண்டிக்கு அடியில் ஸ்பேனர் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ரிசர்வ் அண்ணனின் வலது கால் கட்டைவிரல் மட்டும் மெல்ல நகர்ந்து வந்து, அதன் கண்ணாடியைத் தொடும். வெளிச்சம் வரும். விரல் திரும்பிப் போகும்.