கண்ணாடியக்காவின் சாக்கெட்

மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துவதால் தெருவுக்கே அவர் 'கண்ணாடியக்கா'. முன்கடையில் அக்கா கண்ணைச் சோதித்துப் பவர் சொல்வார். பின்னறையில் அவருடைய கணவர் லென்ஸ் தேய்ப்பார். தேய்க்கும் இயந்திரம் ஓடினால் கணவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. "இடது கண்ணுக்கு மைனஸ் ரெண்டு!" என்று நாளெல்லாம் கத்தி அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

இதற்கொரு வழி பண்ணியே தீருவதென்று, நாற்பது தாண்டிய வயதில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். பின்னறைக் கணினியில் ஒரு சின்ன சர்வர் ஓடும். முன்கடைக் கணினியில் அக்கா தட்டுவது அங்கே பெரிய எழுத்தில் தெரியும். முதல் நாள் பின்னறைக் கணினியிலேயே தட்டிச் சோதித்தபோது சர்வர் சமர்த்தாக ஓடியது. மறுநாள் காலையில் திறந்ததுமே முரண்டு பிடித்தது.

"என்னங்க, சாக்கெட் எர்ரராம்!"

கணவர் டெஸ்டரை எடுத்துவந்து சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்த்தார். "கரண்ட் நல்லாத்தானே வருது?"

"சுவத்துச் சாக்கெட் இல்லைங்க, கம்ப்யூட்டருங்க ஒண்ணோடொண்ணு பேசுற வாசல்!" என்று அக்கா சிரித்த சிரிப்பில், முன்கடையில் காத்திருந்த வாடிக்கையாளரும் காரணம் தெரியாமலே சிரித்துவிட்டார்.

'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்றது திரை. கணினி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாத்தனாருக்குப் போன் போட்டார்.

"அண்ணி, நேத்து ஓடவிட்டதை நிறுத்தினீங்களா?"

"கம்ப்யூட்டரை அணைக்கலை, திரையில இருந்த ஜன்னலை மூடினேனேம்மா."

"அது மறைஞ்சுதான் போச்சு, நிக்கலை. உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே அதே முகவரியை, அதான் போர்ட் நம்பரைப் பிடிச்சு வெச்சிருக்கு. புதுசு வந்தா இடம் விடுமா? பழசை நிறுத்துங்க."

நிறுத்தினார். சர்வர் எழுந்து உட்கார்ந்தது. ஆனால் முன்கடையிலிருந்து கூப்பிட்டால் 'இணைப்பு மறுக்கப்பட்டது'. பின்னறைக் கணினியிலேயே தட்டிப் பார்த்தால் மட்டும் ஒழுங்காக வந்தது.

அக்கா விடவில்லை. நிரலை வரி வரியாகப் படித்தார். 'இதே கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டும் கேள்' என்று ஒரு வரி. வீடியோவைப் பார்த்து அப்படியே எழுதியது அவரேதான்! தலையில் அடித்துக்கொண்டு, கடையிலுள்ள மற்றக் கணினி கூப்பிட்டாலும் கேட்கும்படி மாற்றினார். பிறகு முன்கடைக்கு ஓடிவந்து தட்டினார்: 'வலது கண் பிளஸ் ஒன்று. சாப்பிட வாங்க.'

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" பின்னறையிலிருந்து எழுந்த கூச்சலில் வாடிக்கையாளர் துள்ளி எழுந்தார்.

"அதுக்கு ஏங்க இப்படிக் கத்துறீங்க?"

"பதில் அனுப்ப நீ வழியே வைக்கலையே!"

அதற்கும் இரண்டொரு நாளில் வழி வைத்தார். கணவர் ஒற்றை விரலால் தடவித் தடவித் தட்டினார். நெடுநேரம் கழித்து முன்கடைத் திரையில் முதல் பதில் வந்தது: 'டீ'.